தூக்குக்கட்டில்

தாமியானுஸ் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமியபோதே எதையோ கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. கொடுக்க வருகிறவர்கள் தொண்டையைச் செருமுவதில்லை. நான் அடுப்பங்கரையில் சோளம் தட்டிக்கொண்டிருந்தேன். வறுசட்டியிலிருந்து சுடச்சுட எடுத்துக் கல்லில் வைத்து ஒவ்வொரு மணியாக அவலாகத் தட்டுகிற வேலை அது. நடுவில் எழுந்தால் சோளம் ஆறிப் பாழாகிவிடும். அதனால் எழுந்திருக்காமல் அங்கிருந்தே என்ன விஷயம் என்று கேட்டேன்.

வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிற மூங்கில் தூக்குக்கட்டில் வேண்டுமாம், ஒரு மாதத்துக்கு.

செப்டம்பர் பிறந்தால் கிழக்கு இந்தோனேசியாவில் எங்கள் அடோனாரா தீவில் எல்லாக் கோயிலிலும் வேதாகம மாதம்தான். இந்த வருஷம் கிறிஸ்து செய்த அற்புதங்களை ஒவ்வொரு அன்பியமும் நாடகமாகப் போடவேண்டும், மாதக் கடைசி ஞாயிறு கோயில் முற்றத்தில் போட்டி என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். யாருக்கு எந்த அற்புதம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறார்கள். கடற்கரை அன்பியத்துக்குக் கானாவூர்க் கல்யாணம். அவர்களுக்கு யோகம்தான், தண்ணீர் திராட்சை ரசமாவதற்கு முன்னாலேயே ஒத்திகையில் பானை பானையாகக் கள் ஓடும். எங்கள் தெருவின் பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்த அன்பியத்துக்கு விழுந்தது முடக்குவாதக்காரன் கதை. கால் விளங்காத ஒருவனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வருவார்கள். கூட்டத்தில் நுழைய வழி இருக்காது. கூரையைப் பிரித்து அவனை இயேசுவின் முன்னால் இறக்குவார்கள். அவன் எழுந்து நடப்பான்.

"உங்க வீட்டுல ரெடியா ஒண்ணு கெடக்கேன்னு எல்லாரும் சொன்னாங்க எமி," என்றார் தாமியானுஸ் அண்ணன்.

ரெடியாகக் கிடக்கிறதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கல் விரலில் இறங்கியது.

அந்தக் கட்டில் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாதா? மூன்று வருஷத்துக்கு முன்னால் தவக்காலத்தில் கோயிலுக்குப் புதுத் தகரம் போட்டார்கள். ஊர் கூடிச் செய்கிற வேலை, கூலி கிடையாது. என் வீட்டுக்காரன் லாம்பெர் தச்சன். மற்றவர்கள் கீழே நின்று தகரத்தை நீட்ட, உச்சியில் உட்கார்ந்து ஆணி அடித்தவன் அவன்தான். காலையில் பெய்த மழையில் தகரம் வழுக்கிவிட்டது. இயேசுவின் வீட்டுக் கூரையிலிருந்து என் புருஷன் கல் முற்றத்தில் முதுகு அடிபட விழுந்தான். அங்கேயே மூங்கில் வெட்டி, இரண்டு கழிக்குக் குறுக்கே பட்டை கட்டி, அவனைப் படுக்கவைத்து மலையிலிருந்து சாலை வரைக்கும் தூக்கிவந்தார்கள். நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, இடுப்புக்குக் கீழே இனி வராது என்று அனுப்பிவிட்டார்கள். சாலையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதே கட்டிலில்தான். அன்றோடு சரி. அதற்கப்புறம் அவனை ஒருத்தரும் எங்கேயும் தூக்கிக்கொண்டு போகவில்லை. நான் அதில் மரவள்ளிக்கிழங்கு காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

சக்கர நாற்காலி ஒன்று வந்ததுதான். வாசலைத் தாண்டினால் எரிமலைக் கல்லும் மேடும். கோயிலோ ஊருக்கு மேலே, கல் பாவிய செங்குத்துப் பாதையின் உச்சியில் இருக்கிறது. நாற்காலி கோழி அடைய நன்றாக உதவுகிறது.

தூக்கத்தான் ஆள் இல்லையே தவிர, செபிக்க ஆள் குறையவில்லை. வாரம் ஒரு கூட்டம் வரும். குருடன் பார்த்தான், செவிடன் கேட்டான், செத்த லாசர் எழுந்து வந்தான் என்று ஒவ்வொரு அற்புதமாக வாசித்து, லாம்பெரின் முழங்காலில் கை வைத்து உரக்கச் செபிப்பார்கள். பிறகு நான் தட்டிய சோள அவலைத் தின்றுகொண்டே அவன் கட்டைவிரல் அசைகிறதா என்று பார்ப்பார்கள். அசையாது. போகும்போது சிசிலியா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விசுவாசம் போதவில்லை எமி, அவனை நன்றாக விசுவாசிக்கச் சொல் என்பாள். இன்னொருத்தி, மனசில் ஏதாவது பழைய பாவத்தை மறைத்து வைத்திருக்கிறானா, சாமியாரிடம் சொல்லிவிட்டால் நல்லது என்பாள். மூங்கில் சுவர் வீட்டில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? எல்லாம் அவன் காதில் விழுந்தது.

லாம்பெர் முன்பு கோயிலில் பாட்டை எடுத்துக்கொடுக்கிறவன். அவன் முதலடியைத் தொடங்கினால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். அவன் முதலில் பாட்டை நிறுத்தினான். அப்புறம் செபத்துக்கு ஆமென் சொல்வதை நிறுத்தினான். பிறகு மாதாமாதம் முதல் வெள்ளி சாமியார் பூசை அப்பமாகிய நன்மையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, தூங்குகிறேன் என்று சொல்லிவிடு என்றான். கண் திறந்துதான் இருந்தது. அதிலிருந்து ஆள் வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். ஆள் போன பிறகும் திருப்ப மாட்டான். நான் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு அவன் முதுகோடு பேசிக்கொண்டிருப்பேன்.

நான் கடவுளிடம் அவன் காலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். கடைசியில் நான் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவன் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

இந்த நிலையில்தான் கட்டிலைக் கேட்டு வந்து நின்றார்கள். எடுத்துக்கொண்டு போங்கள், மரவள்ளியைக் கீழே கொட்டிவிட்டுப் போங்கள் என்று கத்தினேன். தாமியானுஸ் அண்ணன் நல்ல மனுஷர். கடை வைத்திருக்கிறார், அன்பியத்துக்குத் தலைவர், யாரையும் கடிந்து பேசியதில்லை. கிழங்கைப் பொறுக்கிப் பாயில் பரப்பிவிட்டுத்தான் கட்டிலை எடுத்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கூத்து அதோடு முடியவில்லை. தெருவில் சமதளமான இடம் எங்கள் வீட்டு முன்னால்தான் இருக்கிறது. ஒத்திகை தினமும் சாயங்காலம் அங்கேதான். இயேசு வேஷம் தாமியானுஸ் அண்ணனுக்கு. முடக்குவாதக்காரன் வேஷம் யாருக்குத் தெரியுமா? கோரிஸுக்கு. ஒரு பன்றியை ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறவன். அவனுடைய தொடை என் இடுப்பு அளவு இருக்கும். அந்த மலைமாடு கட்டிலில் படுத்துக்கொள்ள, தியோவும் இன்னும் மூன்று பேரும் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மூச்சு வாங்கினால் இறக்கிவைத்துக் கள் குடித்தார்கள். கூரைக்காகத் தென்னங்கீற்றுப் பரண் ஒன்று கட்டி, நாலு கயிற்றில் கோரிஸை இறக்கிப் பழகினார்கள். இத்தனையும் உண்மையிலேயே கால் விளங்காத ஒருத்தன் படுத்திருக்கிற ஜன்னலுக்கு நேர் எதிரே. ஒருத்தருக்காவது உறைக்கவேண்டுமே. உறைக்கவில்லை.

ஒருநாள் கோரிஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். அவனுக்கு வஞ்சகம் தெரியாது, அதுதான் கொடுமை.

"லாம்பெரண்ணே, கால் வராதவங்க கைய எப்படி வச்சுப்பாங்க? நெஞ்சு மேலயா, பக்கத்துலயா?"

லாம்பெர் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னான். "கை நல்லாத்தான்டா இருக்கு. கிட்ட வா, காட்டறேன்."

கோரிஸ் தலையை வெளியே இழுத்துக்கொண்டான். மூன்று வருஷத்தில் லாம்பெர் வெளியாளிடம் பேசிய முதல் நீளமான பேச்சு அது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது. அடுப்பில் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

ஒத்திகை தொடங்குமுன் தாமியானுஸ் அண்ணன் அந்தப் பகுதியை வேதத்திலிருந்து வாசிப்பார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அப்படி ஒருநாள் சோளம் தட்டிக்கொண்டே கேட்கும்போது என் கை நின்றுவிட்டது. கட்டிலில் கிடந்தவன் இந்தக் கதையில் வாயே திறக்கவில்லை. சுகமாக்கும் என்று கேட்கவில்லை. விசுவாசிக்கிறேன் என்று சொல்லவில்லை. இயேசு பார்த்தது கூரையைப் பிரித்தார்களே, அந்த நாலு பேருடைய விசுவாசத்தை. அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவனுக்கு விசுவாசம் இருந்ததா, பாதி இருந்ததா, வருகிற வழியெல்லாம் வைதுகொண்டு வந்தானா என்று ஒரு வரி கிடையாது.

சட்டியில் சோளம் கருகியது. நான் உள்ளே ஓடினேன்.

"கேட்டியா லாம்பெர்? கெடந்தவன் ஒரு வார்த்தை பேசல. விசுவாசம் தூக்கினவங்களோடது. உன்னுது போதலன்னு இத்தன வருஷமா நம்ம தலையில மொளகா அரைச்சாங்களே."

அவன் திரும்பவில்லை. "தூக்க நாலு பேர் இருந்தா நானும்தான் பேசாமப் படுத்திருப்பேன்," என்றான்.

அவன் கோபம் காலைப் பற்றியது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கே சோளத்தை அப்படியே போட்டுவிட்டுத் தாமியானுஸ் அண்ணன் கடைக்குப் போனேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை லாம்பெரைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், நாலு ஆள் வேண்டும் என்று கேட்டேன். அவர் முகம் வாடியது. பாதை மோசம் எமி, வழுக்கி விழுந்தால் இன்னொரு பழி, சாமியார்தான் வீட்டுக்கே நன்மை கொண்டுவருகிறாரே என்றார். தியோவைக் கேட்டேன். முதுகு வலியாம். இன்னொருத்தனுக்குப் படகு வேலை. சிசிலியா அக்காவிடம் போனால், போட்டி முடியட்டும், பையன்கள் இப்போது களைத்துப்போயிருக்கிறார்கள் என்றாள். எதைச் செய்து களைத்தார்கள்? ஒரு முடவனைத் தூக்குவது போல நடித்துக் களைத்தார்கள். நான் நடுத்தெருவில் நின்று சிரித்ததைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

வீட்டுக்கு வந்து லாம்பெரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்திருக்கும். மாதா படத்தின் முன்னால் போய் நின்று, உம் மகனிடம் சொல்லும், இனி எங்கள் வீட்டில் அற்புதம் என்ற பேச்சை எடுத்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

போட்டி நாள் வந்தது. கட்டிலை முந்தின நாளே எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், பனியில் நனையக்கூடாதாம். காலையில் நான் பன்றிக்குத் தவிடு வைத்துவிட்டு உள்ளே வந்தேன். லாம்பெரின் படுக்கை காலியாக இருந்தது. பார்த்தால், கைகளை ஊன்றிச் சறுக்கிச் சறுக்கித் தரையில் நகர்ந்து போயிருக்கிறான். மூங்கில் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்திருந்தான். முழங்கை தோல் உரிந்து ரத்தம். நெற்றியெல்லாம் வேர்வை. பூசைக்குப் போகும்போது கட்டுகிற நெய்த வேட்டியை இடுப்பில் சுற்றியிருந்தான், கோணல் மாணலாக.

என்ன இது என்று கேட்டேன். வேட்டியை ஒழுங்காகக் கட்டிவிடு என்றான். கட்டிவிட்டேன்.

தாமியானுஸ் அண்ணன் வெள்ளை அங்கியும் நீல மேல்துண்டுமாக வந்தார். பின்னால் தியோவும் மற்ற மூன்று பேரும், வாழைப்பழம் தின்றபடி முடக்குவாதக்காரன் கோரிஸும் வந்தார்கள். உள்ளே வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"கட்டில்தான வேணும்?" என்றான் லாம்பெர். "எடுத்துக்கிட்டுப் போங்க. நான் அதுமேல இருக்கேன், அவ்வளவுதான்."

தியோ தன் முதுகைத் தடவிக்கொண்டான். தாமியானுஸ் அண்ணன், லாம்பெர், இது நாடகம்தானே என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"எனக்கும் தெரியும்ணே. கோரிஸ விட நான் பாதி எடைதான். சந்தேகம்னா தூக்கிப் பாருங்க."

இவர்கள் மாட்டோம் என்று சொல்லிவிட்டால் இவன் இனி ஜென்மத்துக்கும் சுவரை விட்டுத் திரும்ப மாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கோரிஸ்தான் வாழைப்பழத்தோலை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை, எனக்கு அந்தக் கயிறு பயம்தான் என்றான். தியோ குனிந்து கழியைப் பிடித்தான். மற்றவர்களும் பிடித்தார்கள்.

ஒரு மாதம் கோரிஸைச் சுமந்து பழகிய தோள்கள். லாம்பெரை அவர்கள் சோளக்கூடை போலத் தூக்கிக்கொண்டு போனார்கள். செங்குத்து மேட்டில்கூட ஒருத்தனுக்கும் மூச்சு வாங்கவில்லை. இவ்வளவு சுலபமான வேலையா இது என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. மூன்று வருஷம் இதைச் செய்ய முடியாமலா இருந்தார்கள்?

கோயில் முற்றம் நிறைய ஜனம். கடற்கரைக்காரர்களின் கானாவூர்க் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையாக நடித்தவனுக்கு நிஜமாகவே நடை தள்ளாடியது. எங்கள் முறை வந்து, கட்டிலில் லாம்பெரைப் பார்த்ததும் முற்றம் அடங்கிப்போனது. பங்குச் சாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

பரணை அவர்கள் கோயில் சுவரை ஒட்டிக் கட்டியிருந்தார்கள். லாம்பெர் விழுந்த அதே பக்கம். வேண்டுமென்று செய்ததில்லை, அந்தப் பக்கம்தான் நிழல். அவனைக் கட்டிலோடு பரண்மேல் ஏற்றினார்கள், கீற்றைப் பிரித்தார்கள், கயிற்றை மாட்டினார்கள். கட்டில் காற்றில் தொங்கியதும் லாம்பெரின் இரண்டு கையும் மூங்கிலை இறுக்கிப் பிடித்தன. முகத்தில் ரத்தம் இல்லை. இதே உயரத்திலிருந்து, இதே கல்லில்தான் அவன் விழுந்தான். கோரிஸ் பயந்த அந்தக் கயிற்றில் என் புருஷனைத் தொங்கவிட்டேனே என்று பதறி, இறக்கிவிடுங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். அவர்கள் ஏற்கெனவே இறக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். சாண் சாணாக. தியோவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒருத்தனும் அவசரப்படவில்லை. கட்டில் ஒரு பக்கம்கூடச் சாயாமல் கல்லில் வந்து உட்கார்ந்தது, சத்தமே இல்லாமல்.

தாமியானுஸ் அண்ணன் முன்னால் வந்தார். மகனே, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்றார். அடுத்த வசனம் வரவில்லை. எழுந்து உன் கட்டிலை எடுத்துக்கொண்டு நட என்று கோரிஸிடம் ஒரு மாதமாகச் சொன்னவர், லாம்பெரின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒட்டவைத்த தாடி நடுங்கியது.

"சொல்லுங்கண்ணே," என்றான் லாம்பெர். "எழுதியிருக்கிறத விடக்கூடாது."

அவர் சொன்னார். குரல் உடைந்து, பாதிதான் வெளியே வந்தது. ஆனாலும் சொன்னார்.

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் லாம்பெரின் பாதத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அற்புதம் என்ற பேச்சே கூடாது என்று மாதாவிடம் சண்டை போட்ட நான், கண் இமைக்காமல் அந்தக் கட்டைவிரலையே பார்த்தேன். வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். அசையவில்லை. ஒரு ஈ வந்து அதில் உட்கார்ந்தது, போனது.

லாம்பெர் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தான். சுவரை அல்ல, ஆட்களை.

"நடக்க வரல," என்றான். "சரி, தூக்குங்க. பூசைக்கு மணி அடிக்கப்போகுது. உள்ள போகணும்."

உள்ளே கொண்டுபோனார்கள். பெஞ்சுகளுக்கு நடுவே, பீடத்துக்கு நேரே கட்டிலை வைத்தார்கள். மல்லாந்து படுத்திருந்ததால் பூசை முழுக்க அவன் கண் கூரையில்தான் இருந்தது. பிரசங்கத்தின்போது என்னை விரலால் கூப்பிட்டான். வலி எடுக்கிறதோ என்று குனிந்தேன். அந்த நடு வரிசை நான் அடித்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை பார் என்றான். நன்மை வாங்கும் நேரம் சாமியார் இறங்கி வந்து மண்டியிட்டு அவன் நாக்கில் வைத்தார். லாம்பெர் வாங்கிக்கொண்டான். ஆமென் என்று சொன்னது பின் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

போட்டியில் எங்களுக்குக் கடைசி இடம். வேதத்தில் உள்ளபடி முடிக்கவில்லையாம், முடக்குவாதக்காரன் எழுந்து நடக்கவில்லையாம். கடற்கரைக் குடிகாரர்களுக்கு முதல் பரிசு. சிசிலியா அக்கா நடுவர்களோடு அரை மணி நேரம் சண்டை பிடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

சாயங்காலம் சோறு கொடுக்கும்போது கேட்டேன், எதற்காகப் போனாய் என்று. முதலில் அவர்களை வெட்கப்படுத்தத்தான் படுத்தேன் என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவன், பிறகு என்னைப் பார்த்தான்.

"கயித்துல தொங்கினப்ப செத்துட்டேன்னுதான் நெனச்சேன் எமி. அன்னைக்கு விழறப்ப பிடிக்க ஒரு கை இல்ல. இன்னைக்கு இறக்கிட்டாங்க. அங்கதான் ஆண்டவர் இருந்தாரு. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

என் கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்தக் கட்டைவிரலுக்காக நான் இன்னும் கடவுளோடு பேச்சு வைத்திருக்கிறேன், அது எங்கள் இருவருக்கும் உள்ள விவகாரம். ஆனால் லாம்பெர் என் முகத்தைப் பார்த்துச் சோறு தின்றான். தட்டைக் கழுவும்போது அதற்காக ஒரு நன்றி சொன்னேன், சற்று வேண்டாவெறுப்பாகத்தான்.

அடுத்த ஞாயிறு வந்தது. நாடகம் இல்லை, போட்டி இல்லை. லாம்பெர் விடிந்ததுமே வேட்டி கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டான். நான் வாசலில் நின்றேன். முதல் மணி அடித்தது. தெருவில் எல்லோரும் சட்டையைச் சரிசெய்துகொண்டு மேடு ஏறிப் போனார்கள், பார்க்காதது போல் சிலர், கையை ஆட்டிவிட்டுச் சிலர். அவ்வளவுதான், தாடியைக் கழற்றியதும் விசுவாசத்தையும் கழற்றிவிட்டார்கள் என்று எனக்குள் கொதித்தது. உள்ளே போய் இவனிடம் எப்படிச் சொல்வது என்று நின்றுகொண்டிருந்தபோது கோரிஸ் வந்தான். அவன் பின்னால் தியோ. படகுக்காரன் கடலுக்குப் போய்விட்டான், இன்னொருத்தனுக்குக் காய்ச்சல். இரண்டு பேரை வைத்துக்கொண்டு செங்குத்து மேட்டில் என்ன செய்வது?

இரண்டாம் மணி அடித்தது. நான் கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு முன்பக்கம் தியோவுக்குப் பக்கத்துக் கழியில் தோளைக் கொடுத்தேன். என் தோளுக்கு என்ன கேடு? கோரிஸ் பின்பக்கம் ஒற்றை ஆளாக இரண்டு கழியையும் தூக்கிப் பார்த்தான். கட்டில் கோணியது. அந்த நேரம் தெரு முனையில் தாமியானுஸ் அண்ணன் ஓட்டமும் நடையுமாக வந்தார். கடையைப் பூட்டியிருக்கிறார், சாவி இன்னும் கையில். ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாலாவது முனையின் கீழே தோளை நுழைத்தார்.

மேட்டில் பாதி தூரம் போனதும் என் கால் நடுங்கத் தொடங்கியது. கல் குத்தியது, கழி தோளை அறுத்தது, வேர்வை கண்ணில் இறங்கியது.

"எமி, உன் பக்கம் தாழுது," என்றது மேலேயிருந்து குரல்.

"வாய மூடிட்டுப் படு," என்றேன். "வேதத்துல கெடந்தவன் ஒரு வார்த்தை பேசல."

தாமியானுஸ் அண்ணன் சிரித்துவிட்டார். கட்டில் குலுங்கியது. லாம்பெர் வாயை மூடவில்லை. பூசைக்கு முதல் பாட்டின் முதலடியை எடுத்தான், கரகரத்த குரலில், கொஞ்சம் உயரமாகவே எடுத்துவிட்டான். முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்களுக்கு மூச்சு இல்லை, இரண்டாவது அடியை அவர்கள்தான் பாடினார்கள்.